எழும்பும்போது

திரை கறுத்தது, மூன்று விநாடி.
பிறகு நீலத்தில் ஒரு சின்னப் பெட்டி நீந்தியது:
சிக்னல் இல்லை.
பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி
பால்டிக் கடலின் எழுபத்திரண்டு காற்றாலைகளும்
அதனதன் கட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தன.

எனக்குச் சம்பளம் அந்தக் கடலிலிருந்து.
இங்கே ஆரல்வாய்மொழியில், சன்னலுக்கு வெளியே
முப்பந்தல் வரைக்கும் நிற்கிறவற்றை
யார் பார்க்கிறார்கள் என்று தெரியாது.
ஒருவேளை பால்டிக் கரையில் ஒருத்தி.

ஆடி பிறந்து நாலாம் நாள்.
கணவாயில் நுழைந்து ஆளைத் தள்ளுகிற காற்று.
துணிக்கு இரண்டு கிளிப் போட்டாலும்
பக்கத்து வீட்டு லுங்கி செங்கல் சூளைக்குப் போய்விடும்.
மழை பூதப்பாண்டியோடு திரும்பிவிடுகிறது;
எங்களுக்கு வருவது அதன் வேகம் மட்டும், உலர்ந்து.

கேபிளை மாற்றினேன்.
வடசேரி ஷாஜி தொள்ளாயிரம் கேட்டான், எழுநூறு கொடுத்தேன்.
தங்கப்பூச்சு என்றான். தங்கப்பூச்சும் அணைந்தது.
லேப்டாப்பின் இடப்பக்கத் துளையிலிருந்து வலப்பக்கம்.
டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டேன்.
அறுபது ஹெர்ட்ஸ், ஐம்பது ஹெர்ட்ஸ்,
மின்சேமிப்பு கேட்ட எல்லாவற்றுக்கும் வேண்டாம், வேண்டாம்.
இன்வெர்ட்டரைக்கூட அணைத்தேன். ஃபேன் நின்றது, வேர்த்தது,
திரை அதன்பாட்டில் இன்னொரு தடவை
கண்ணை மூடித் திறந்தது.

உதவி எண்ணில் ஒருவர்
எல்லாவற்றையும் அணைத்து மறுபடி போடச் சொன்னார்.
மறுநாள் வேறொருவர், அதையே,
இன்னும் மரியாதையாக.

ரோஸ்டாக்கிலிருந்து உர்சுலா கேட்டாள்:
ஐம்பத்தொன்றாம் எண் தள்ளாடியதே, பார்க்கவில்லையா?
அந்த மூன்று விநாடியில்தான் தள்ளாடியிருக்கிறது.
மின்வெட்டு என்றேன்.
நம் ஊரைப் பற்றி அவள் உடனே நம்பக்கூடிய பொய்.

அன்றைக்கே ஒரு கோடு போட்ட நோட்டு எடுத்தேன்.
இரண்டேகால்: அணைந்தது. தண்ணீர் குடித்தேன்.
மூன்று பத்து: அணைந்தது. வாசலில் கேஸ்காரர்.
மூன்றே முக்கால்: அணைந்தது. சன்னல் அடித்தது, சாத்தினேன்.
நாலரை: அணைந்தது. ஒன்றுக்கு.
ஏழு நாள், முப்பத்தெட்டு வரி.
எட்டாம் நாள் சோறு தின்றுகொண்டே வாசிக்கும்போது
கை பாதி வழியில் நின்றது.
அணைந்ததால் நான் எழும்பவில்லை.
எழும்பினேன். அணைந்தது.

எழும்பினேன்: கறுப்பு. இருந்தேன்.
எழும்பினேன்: கறுப்பு.
ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில்
பாட்டுக்கு எழும்பி, பிரசங்கத்துக்கு இருப்பதுபோல
பதினொரு தடவை.
ஒன்பது தடவை பதில் வந்தது.

எலக்ட்ரீஷியன் தாணுலிங்கம்
சுவரைப் பார்க்கவில்லை, மானிட்டரைப் பார்க்கவில்லை.
நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டார்.
"கேஸ் நாற்காலியாக்கும். காத்து வேற காஞ்சு கெடக்கு.
நீங்க எழும்புதிய, துணி ஒரசுது, உள்ள பொறி பறக்குது.
கேபிளுக்கு அது போதும், வெரண்டுரும்.
பெட்ரோல் லாரிக்கு வாலு பாத்திருக்கியளா?
அதே கததான்."
உறை உரித்த செம்புக் கம்பியை
நாற்காலித் தண்டில் நாலு சுற்று,
மறுமுனையை எர்த்தில் சேர்த்தார்.
நூற்றைம்பது ரூபாய்.
இப்போது நாற்காலி, கட்டிப்போட்ட ஆடுமாதிரி
கம்பி எட்டும் தூரம்வரை உருளும்.

அறிக்கை அனுப்பினேன்: காரணம், நாற்காலி.
நகைச்சுவையா? என்றாள் உர்சுலா.
இல்லை என்று எழுதினேன்.
மின்வெட்டைப் பற்றியும் எழுத ஆரம்பித்து
அழித்துவிட்டேன்.

எழும்பினாலும் இருந்தாலும்
எழுபத்திரண்டும் சுற்றுகின்றன, விடாமல்.

ஒன்று மட்டும்.
திரை கறுக்கிற அந்த மூன்று விநாடியில்
எழும்புகிற என் தோளுக்குப் பின்னால்
சன்னல் தெரியும். சன்னலுக்குள் முப்பந்தல் ஆலைகள்,
இடம் வலம் மாறி,
எனக்குச் சம்பளம் தராதவை.

நேற்று சாயங்காலம் வேலை முடிகிற நேரம்
கம்பியைக் கழற்றி வைத்தேன்.
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.
எழும்பினேன்.